பழைய கணினியில் லினக்ஸ் மக்கர் செய்கிறதா? எந்த இடத்தில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. அதிலிருந்து என்னிடம் வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு சும்மா கிடந்துச்சு, லினக்ஸ் போட்டேன், வரமாட்டேங்குது." இந்த ஒரு சொல்லுக்குள் பத்துக் கோளாறுகள் ஒளிந்திருக்கும். விசிறி சுற்றியும் திரை வராததும் வரமாட்டேங்குதுதான், எல்லாம் வந்து வைஃபை மட்டும் காணாமல் போவதும் வரமாட்டேங்குதுதான்.

கணினியை ஆன் செய்ததும் வேலை கைமாறிக்கொண்டே போகிறது. முதலில் மின்சாரமும் ரேமும், அப்புறம் பயாஸ் (மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் முதல் நிரல்), அடுத்து கிரப் என்ற துவக்கி, அதன் பிறகு கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி), திரை, கடைசியாக இணையமும் உலாவியும். எந்தக் கையில் வந்து நிற்கிறது என்று பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதனால் கீழே உள்ளவற்றை அந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறேன். உங்கள் கணினி எங்கே நிற்கிறதோ அங்கிருந்து படியுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். மூன்றை ஒன்றாக மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது.

நான் எடுத்துக்கொண்டது டெபியன் என்ற லினக்ஸ் விநியோகத்தின் (தொகுப்பின்) வழி வந்த இரண்டு: ரேம் 1 ஜிபி அல்லது அதற்கும் குறைவு என்றால் ஆன்டிஎக்ஸ், 2 ஜிபி இருந்தால் எம்எக்ஸ் லினக்ஸ். லுபுண்டு வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலானவை அப்படியே பொருந்தும். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்.

விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றுமே இல்லை

இதற்கும் லினக்ஸுக்கும் சம்பந்தமே இல்லை. பரணில் ஈரமும் தூசியும் பட்டுக் கிடந்த இயந்திரத்தில் ரேமின் தொடுமுனைகள் மங்கிப்போயிருக்கும். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடிய விடுங்கள். ரேமைக் கழற்றி, கீழ்விளிம்பில் இருக்கும் தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேயுங்கள். ரப்பர் கறுப்பாகும். துகளை ஊதித் தள்ளிவிட்டு, இரண்டு பக்கக் கொக்கியும் டக்கென்று விழும்வரை அழுத்திச் செருகுங்கள். இரண்டு ரேம் இருந்தால் முதலில் ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால் மதர்போர்டில் பிராசசரைச் சுற்றி நிற்கும் உருளை மின்தேக்கிகளின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டியவை உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ அதற்குச் சாலிடரிங் தெரிந்தவர்தான் வேண்டும். 2000-களின் முதல் பாதியில் வந்த பலகைகளில் இது அடிக்கடி காணும் நோய்.

பென்டிரைவைக் கண்டுகொள்ளவே இல்லை, நேராக விண்டோஸுக்குப் போகிறது

இறக்கிய லினக்ஸ் வட்டுப்படிமத்தை, அதாவது ஐஎஸ்ஓ கோப்பைப் பென்டிரைவில் அப்படியே காப்பி செய்து போட்டிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். நிறைய பேர் இங்கேதான் நிற்கிறார்கள். ஐஎஸ்ஓவைக் காப்பி செய்தால் அது வெறும் கோப்பு. ரூஃபஸ், எட்சர் போன்ற நிரலால் எழுதினால்தான் துவக்கக்கூடிய வட்டு ஆகும். ரூஃபஸில் பார்ட்டிஷன் வகை கேட்கும் இடத்தில் எம்பிஆர் (பிரிவுகளைக் குறித்துவைக்கும் பழைய முறை) என்று வையுங்கள். புதிய முறையான ஜிபிடி வைத்தால் பல பழைய பயாஸுக்குப் புரியாது.

அப்புறம் பூட் மெனு, அதாவது எந்த வட்டிலிருந்து துவங்குவது என்று கேட்கும் பட்டியல். ஆன் செய்ததும் அதற்குத் தட்ட வேண்டிய விசை டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9. ஏசரிலும் எஃப்12-தான், ஆனால் சில மாடல்களில் பயாஸுக்குள் போய் அந்த மெனுவை முதலில் இயக்கி வைக்க வேண்டும். டெஸ்க்டாப்பாக இருந்தால் கேபினெட்டின் முன்பக்கத் துளையை விட்டுவிட்டு, மதர்போர்டோடு நேரடியாக இணைந்த பின்பக்கத் துளையில் செருகுங்கள். யுஎஸ்பியிலிருந்து துவங்கவே தெரியாத அளவுக்குப் பழைய பயாஸ் என்றால் பிளாப் என்ற சிறு துவக்கியை ஒரு சிடியில் எழுதி, அதன் வழியாகப் பென்டிரைவைத் துவக்கலாம்.

ஒவ்வொரு முறையும் பயாஸ் அமைப்பு மறந்துபோகிறது, இணையம் இருந்தும் எந்தத் தளமும் திறக்கவில்லை

ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தெரியும் இந்த இரண்டுக்கும் காரணம் ஒரே பொருளாக இருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரருடைய கோர் 2 டியோ டெஸ்க்டாப்பில் எம்எக்ஸ் போட்டுக்கொண்டிருந்தேன். நிறுவல் அழகாக முடிந்தது. அப்டேட் கொடுத்தால், நிரல்கள் இறங்கும் இணையக் களஞ்சியத்தின் கோப்பு இன்னும் செல்லுபடியாகும் நாள் வரவில்லை என்று ஒரு பிழைச்செய்தி. உலாவியில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பற்றது என்று எச்சரிக்கை. ரவுட்டரைப் பார்த்தேன், களஞ்சிய முகவரியை மாற்றினேன், இரண்டு மணி நேரம் போனது. கடைசியில் திரையின் மூலையில் கண் போனது. தேதி, 2009 ஜனவரி 1.

தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினி 2009-ல் நின்றுகொண்டிருந்தால் நேற்று வழங்கிய சான்றிதழ் அதற்கு எதிர்காலத்துச் சரக்கு, ஏற்காது. மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் போல உட்கார்ந்திருக்கும் சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தேன். 3 வோல்ட் காட்ட வேண்டியது 2.1 காட்டியது. கடிகாரக் கடையில்கூட அந்தப் பேட்டரி கிடைக்கும். புதிதைப் போட்டு, பயாஸில் தேதியும் பூட் வரிசையும் வைத்ததும் இரண்டு சிக்கலும் ஒன்றாக நின்றன. இப்போதெல்லாம் பழைய பெட்டி எதைத் திறந்தாலும் முதல் வேலையாக இந்தப் பேட்டரியை மாற்றிவிடுகிறேன்.

"இந்த கர்னலுக்கு எக்ஸ்86-64 பிராசசர் வேண்டும்" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி, அவ்வளவுதான்

உங்கள் பிராசசர் 32 பிட், நீங்கள் இறக்கியது 64 பிட். வேறொன்றுமில்லை. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்: கோர் 2 டியோ 64 பிட், ஆனால் அதற்கு முந்தைய கோர் டியோ 32 பிட். நெட்புக்குகளில் வந்த ஆட்டம் என்270 32 பிட், அடுத்து வந்த என்450 64 பிட். நிறுவாமலேயே ஓடும் ஏதாவது ஒரு லைவ் வட்டில் துவங்க முடிந்தால் டெர்மினலில் (கட்டளை தட்டும் சாளரத்தில்) எல்எஸ்சிபியு என்று தட்டுங்கள். ஆப்-மோட் வரியில் 64 பிட் என்று இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

32 பிட் என்றால் தேர்வு சுருங்கிக்கொண்டே வருகிறது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, 32 பிட் கணினிக்கு நிறுவியும் கர்னலும் தருவதை நிறுத்திவிட்டது. டெபியன் 12-ஐ அடிப்படையாகக் கொண்ட ஆன்டிஎக்ஸ் 23-இன் 32 பிட் பதிப்பை எடுங்கள். அதன் கர்னல் பிஏஇ (4 ஜிபிக்கு மேல் ரேமைக் கையாளும் வசதி) இல்லாத பிராசசரிலும் ஓடும். பிஏஇ இல்லை என்ற பிழை பென்டியம் எம் போட்ட பழைய மடிக்கணினிகளில் வரும். வேறு விநியோகம்தான் வேண்டும் என்றால், துவக்க வரியில் ஃபோர்ஸ்பிஏஇ என்று சேர்த்துப் பாருங்கள். அந்தப் பிராசசர்களில் பலவற்றுக்கு அந்த வசதி உண்டு, வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

மெனு வந்தது, என்டர் தட்டியதும் கறுப்புத் திரை

அதிகம் பேர் கைவிடுவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

கர்னல் எழுந்ததும் திரையின் அளவையும் நிறத்தையும் தானே அமைக்கப் பார்க்கும். பழைய கிராஃபிக்ஸ் சிப்பை அது தவறாகப் புரிந்துகொண்டால் கணினி உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும், படம் மட்டும் வராது. இது திரைச் சிக்கலா, முழுவதும் உறைந்துவிட்டதா என்று தெரிய விசைப்பலகையில் கேப்ஸ் லாக்கைத் தட்டுங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் கர்னல் உயிரோடு இருக்கிறது.

மறுபடி துவக்கி, கிரப் மெனுவில் என்டர் தட்டாமல் ஆங்கில இ எழுத்தைத் தட்டுங்கள். சில வரிகள் திறக்கும். லினக்ஸ் என்று தொடங்கும் நீளமான வரியின் கடைசிக்குப் போங்கள். குவயட், ஸ்பிளாஷ் என்ற இரண்டு சொற்கள் இருந்தால் அழித்துவிட்டு எஃப்10 தட்டுங்கள். இந்த முறை கர்னல் செய்வதெல்லாம் வரி வரியாக ஓடும். எங்கே நிற்கிறதோ, அந்தக் கடைசி நாலைந்து வரியைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். யாரிடமாவது உதவி கேட்பதாக இருந்தால் "கறுப்பா நிக்குது" என்பதைவிட அந்தப் படம் நூறு மடங்கு பயன்படும்.

ஐ915, நோவோ, ரேடியான் என்ற டிரைவர் பெயர்களுக்கு அருகில் நின்றால் கிராஃபிக்ஸ்தான். அதே வரியில் நோமோட்செட் என்ற ஒரே சொல்லைச் சேர்த்துத் துவக்குங்கள். பெரும்பாலும் திரை வந்துவிடும். ஆனால் நோமோட்செட் ஊன்றுகோல்தான். அதை வைத்தே காலம் தள்ளினால் திரை அளவு குறைவாக நிற்கும், வீடியோ திணறும். உள்ளே போய் நிறுவிக்கொள்ள, சரியான டிரைவரைத் தேட மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

இன்டெல் ஆட்டம் பலகைகளில் ஒரு தனி வியாதி உண்டு. இல்லாத மடிக்கணினித் திரை ஒன்று தன்னோடு இணைந்திருப்பதாக டெஸ்க்டாப் பலகை நினைத்துக்கொள்ளும். உண்மையான மானிட்டரில் படம் வராது, வந்தாலும் அளவு கோணலாக இருக்கும். அதற்கு நோமோட்செட் தேவையில்லை. வீடியோ, சமக்குறி, பெரிய எழுத்தில் எல்விடிஎஸ், இணைகோடு, 1, முக்காற்புள்ளி, சிறிய டி என்று இடைவெளி இல்லாமல் அந்த வரியில் சேர்த்தால் அந்தக் கற்பனைத் திரை அணைந்துவிடும், முழு அளவும் கிடைக்கும். 945ஜிஎஸ்இ சிப்செட் நெட்புக்கில் துவக்கம் நெடுநேரம் தொங்கினால் இதையே எல்விடிஎஸ்-க்குப் பதில் எஸ்வீடியோ என்று போட்டுப் பாருங்கள்.

இப்படிச் சேர்த்தது அடுத்த துவக்கத்தில் இருக்காது. நிலைக்க வைக்க, இடிசி கோப்புறையின் டிஃபால்ட் பகுதியில் இருக்கும் கிரப் கோப்பைத் திறந்து, சிஎம்டிலைன் (கட்டளை வரி) என்று வரும் இடத்தில் மேற்கோளுக்குள் அதே சொல்லை எழுதிச் சேமித்து, சூடோ அப்டேட்-கிரப் கொடுங்கள்.

நிறுவல் பாதியில் நிற்கிறது

ஒவ்வொரு முறையும் ஒரே சதவீதத்தில் நின்றால் இறக்கிய ஐஎஸ்ஓ பழுது அல்லது பென்டிரைவ் பழுது. கோப்பின் ஷா256 என்ற சரிபார்ப்பு எண்ணை, இறக்கிய தளத்தில் தந்திருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றால் ரேம்மீது சந்தேகப்படுங்கள். மெம்டெஸ்ட்86+ நிரலை ஒரு இரவு முழுக்க ஓடவிடுங்கள், ஒரு சிவப்பு வரி வந்தாலும் அந்த ரேம் ஆகாது. 512 எம்பி மாதிரிக் குறைந்த ரேமில் நிறுவி தானாக மூடிக்கொண்டால், முதலில் டிஸ்க்கைப் பிரிக்கும் ஜிபார்ட்டெட் நிரலில் 2 ஜிபி அளவுக்கு ஒரு ஸ்வாப் பார்ட்டிஷன் (ரேம் போதாதபோது கைகொடுக்கும் டிஸ்க் இடம்) உருவாக்கி, அதை இயக்கிவிட்டு நிறுவியைத் தொடங்குங்கள்.

நிறுவி முடித்தாயிற்று, பென்டிரைவை எடுத்ததும் இயங்குதளம் இல்லை என்கிறது

பென்டிரைவ் செருகியிருந்தால் துவங்குகிறது, எடுத்தால் இல்லை என்றால் கிரப் பென்டிரைவிலேயே போய் உட்கார்ந்துவிட்டது. லைவ் வட்டில் துவக்கி, ஆன்டிஎக்ஸ், எம்எக்ஸ் இரண்டிலும் இருக்கும் பூட் ரிப்பேர் கருவியைத் திறந்து, கிரப்பை ஹார்ட் டிஸ்க்கின் எம்பிஆரில், அதாவது அதன் தொடக்கப் பகுதியில், மறுபடி நிறுவச் சொல்லுங்கள். எந்த வட்டு என்பதை அளவை வைத்து உறுதிசெய்துகொள்ளுங்கள். 8 ஜிபி, 16 ஜிபி என்று இருப்பது உங்கள் பென்டிரைவ்.

எல்லாம் சரியாக எழுதியும் சில பழைய பயாஸ்கள் அடம்பிடிக்கும். எந்த பார்ட்டிஷனிலும் பூட் குறி இல்லை என்றால் அந்த வட்டையே அவை ஒதுக்கிவிடும். லினக்ஸுக்கு அந்தக் குறி தேவையில்லை என்பதால் நிறுவி அதை வைக்காமல் விட்டிருக்கும். ஜிபார்ட்டெடில் முதல் பார்ட்டிஷனை வலச்சொடுக்கி, ஃபிளாக்ஸ் பகுதியில் பூட் என்பதில் டிக் அடியுங்கள்.

இன்னும் பழைய பலகையில் பெரிய டிஸ்க் மாட்டியிருக்கிறீர்களா? 2000-களின் தொடக்கத்துக்கு முந்தைய பயாஸ்கள் பல 137 ஜிபிக்கு அப்பால் படிக்கத் தெரியாதவை. கர்னல் எழுந்துவிட்டால் அது முழு டிஸ்க்கையும் தானே படித்துக்கொள்ளும். ஆனால் கர்னலை எடுத்துத் தரும் கிரப், பயாஸின் கண்ணை நம்பியே படிக்கிறது. கர்னல் கோப்பு 137 ஜிபிக்கு அப்பால் போய் விழுந்த அன்று துவக்கம் நிற்கும். நேற்றுவரை ஓடியது, அப்டேட் செய்ததும் வரவில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம். டிஸ்க்கின் தொடக்கத்திலேயே 1 ஜிபி அளவுக்குத் தனி பூட் பார்ட்டிஷன் வைத்து நிறுவினால் தொல்லை இல்லை.

வைஃபை பெயரே வரவில்லை

மடிக்கணினியின் பக்கவாட்டில் வைஃபை சுவிட்ச் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். ஆர்எஃப்கில் லிஸ்ட் என்ற கட்டளை ஹார்ட் பிளாக்டு, எஸ் என்று காட்டினால் அந்தச் சுவிட்ச் அணைந்திருக்கிறது. எந்தக் கட்டளையாலும் அதைத் திறக்க முடியாது.

சுவிட்ச் சரி என்றால் எல்எஸ்பிசிஐ கொடுத்து எந்தச் சிப் என்று பாருங்கள். அதெரோஸ் என்றால் பெரும்பாலும் தானே ஓடும். பிராட்காம் என்றால், குறிப்பாக 4311, 4312 என்றால், சிப்புக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் என்ற சிறு கோப்பு தேவை. டெபியன் களஞ்சியத்தில் அதற்கு பி43 என்ற பெயரோடு ஒரு நிறுவி இருக்கிறது. ஆனால் அதை இறக்கவே இணையம் வேண்டுமே? கைபேசியை டேட்டா கேபிளில் இணைத்து யுஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். லினக்ஸ் அதைக் கம்பி இணைப்பாக உடனே எடுத்துக்கொள்ளும், எந்த டிரைவரும் வேண்டாம்.

பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் தெரிகிறது, உங்களுடையது மட்டும் தெரியவில்லை என்றால் தவறு கணினியில் இல்லை. பல பழைய அட்டைகளுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் தெரியாது. ரவுட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸை இயக்கி, சேனலை 1, 6, 11 மூன்றில் ஒன்றாக வையுங்கள். பாதுகாப்பு டபிள்யூபிஏ3 மட்டும் என்றிருந்தால் டபிள்யூபிஏ2-க்கு மாற்றுங்கள்.

எல்லாம் வருகிறது, உலாவியைத் திறந்ததும் உறைகிறது

டெஸ்க்டாப் இலகுவாக இருக்கலாம், இணையம் இலகுவாக இல்லை. ஆன்டிஎக்ஸ் 200 எம்பிக்குள் எழுந்துவிடும், அதன் மேல் திறக்கும் ஒரே ஒரு செய்தித் தளம் அதைவிட அதிகம் தின்னும்.

உறையும்போது கேபினெட்டில் இருக்கும் சிவப்பு டிஸ்க் விளக்கைப் பாருங்கள். அணையாமல் எரிந்தால் ரேம் போதாமல் டிஸ்க்கில் ஸ்வாப் ஓடுகிறது. ஃப்ரீ கட்டளையில் ஸ்வாப் எண் ஏறுவதும் அதையே சொல்லும். ஜிராம்-டூல்ஸ் பொதியை நிறுவி, ரேமில் பாதி அளவுக்குச் சுருக்கிய ஸ்வாப்பை ரேமுக்குள்ளேயே வைத்தால் 1 ஜிபி இயந்திரத்தில் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். பழைய ரேம் விற்கும் கடையில் டிடிஆர்2 ஒன்று கிடைத்தால் அதைவிட நல்லது. வாங்கும் முன் எவ்வளவு ஏற்கும் என்று பாருங்கள், 945ஜிஎஸ்இ நெட்புக்குகள் 2 ஜிபிக்கு மேல் ஏற்காது. உலாவியில் யூபிளாக் ஆரிஜின் போடுங்கள், விளம்பரம் போனாலே பாதிச் சுமை போகும். யூடியூப் திணறினால் எச்264 என்ற பழைய வீடியோ வடிவத்தை மட்டும் கேட்டு வாங்கும் நீட்சியைச் சேருங்கள், அந்தக் கால கிராஃபிக்ஸ் சிப்புக்குப் புதிய வீடியோ வடிவங்கள் தெரியாது.

விளக்கு எரியும்போதே டிஸ்க்கிலிருந்து டிக், டிக் என்று சத்தம் வந்தால் மற்றதையெல்லாம் நிறுத்துங்கள். டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளை தரும் பட்டியலில் 5, 197 எண் கொண்ட வரிகளின் கடைசி மதிப்பு பூஜ்யமாக இருக்க வேண்டும். 197-இல் எண் இருந்தால் டிஸ்க் படிக்க முடியாமல் தவிக்கிறது. குழந்தைகளின் படங்கள், ஆவணங்கள் எதுவாக இருந்தாலும் அன்றைக்கே வெளியே எடுத்துவிடுங்கள். பிறகு 120 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று மாட்டுங்கள். பழைய சாட்டா இணைப்பின் வேகம் குறைவுதான், ஆனாலும் பழைய கணினிக்கு இதைவிடப் பெரிய மறுவாழ்வு எதுவும் இல்லை.

விளக்கு அணைந்திருக்க, விசிறி மட்டும் அலறினால் சூடு. தூசியைத் தட்டி, பிராசசர் மேல் காய்ந்துபோன தெர்மல் பேஸ்டைத் துடைத்துப் புதிதாக ஒரு பட்டாணி அளவு வையுங்கள்.

உலாவி உறையாமல், திறந்த நொடியே மூடிக்கொள்கிறதா? டெர்மினலிலிருந்து திறந்து பாருங்கள். இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன் என்று வந்தால் உங்கள் பிராசசருக்கு எஸ்எஸ்இ2 என்ற கட்டளைத் தொகுப்பு இல்லை. ஆத்லான் எக்ஸ்பி, பென்டியம் 3 இரண்டும் அப்படித்தான். அவற்றில் இன்றைய பெரிய உலாவிகள் ஓடாது, நெட்சர்ஃப், டில்லோ போன்றவைதான். 32 பிட்காரர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: குரோம் 2016-லேயே 32 பிட் லினக்ஸைக் கைவிட்டது, ஃபயர்ஃபாக்ஸ் 2025 அக்டோபரில் வந்த 144-ஆம் பதிப்போடு நிறுத்திவிட்டது. நீண்டகால ஆதரவுப் பதிப்பான இஎஸ்ஆர் 140-ஐப் பிடித்துக்கொள்ளுங்கள்.

தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிகிறது

இலகு விநியோகங்கள் இடம் மிச்சம் பிடிக்க எழுத்துருக்களைக் குறைத்துத்தான் வரும். ஃபான்ட்ஸ்-லோஹித்-டிஏஎம்எல் பொதியை நிறுவி, உலாவியை மூடித் திறங்கள். தட்டச்சுக்கு ஐபஸ்-எம்17என் நிறுவினால் தமிழ்99, ஒலியியல் இரண்டும் கிடைக்கும். ஆன்டிஎக்ஸில் ஐபஸ் தானாக எழாது. உங்கள் ஹோம் கோப்புறையில் மறைந்திருக்கும் டெஸ்க்டாப்-செஷன் என்ற கோப்புறைக்குள் ஸ்டார்ட்அப் என்ற கோப்பு இருக்கும். அதில் ஐபஸ்-டீமன் என்ற வரியை ஆம்பர்சாண்ட் குறியோடு முடித்துச் சேருங்கள்.

சரிபார்க்க கொ, கௌ, ஸ்ரீ மூன்றையும் தட்டிப் பாருங்கள். கொம்பும் காலும் எழுத்தின் இரு பக்கமும் ஒழுங்காக உட்கார்ந்தால் எல்லா இடத்திலும் தமிழ் சரி. டில்லோ போன்ற மிகச் சிறிய நிரலில் மட்டும் கொம்பு தனியாகப் பிரிந்து நின்றால் எழுத்துருவைத் திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். எழுத்தைக் கோர்க்கும் திறன் அந்த நிரலுக்கு இல்லை, தமிழ்ப் பக்கங்களை மட்டும் ஃபயர்ஃபாக்ஸில் படியுங்கள்.